முயலின் கண்ணில் நீர் வழிந்தால்...

ஒருவர் மற்றொருவர்மீது வைத்திருக்கும் அன்பைச் சொல்லும்போது, 'கண்ணை இமை காப்பதுபோல' என்று சொல்வது நம் வழக்கம். ஆபத்து வருமுன்பே இமை தானாக மூடிக்கொள்கிறது. யாரும் அதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மனிதர்களாகிய நாம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 15 முறை கண் சிமிட்டுகிறோம். ஆனால், முயலின் இமை அப்படிப்பட்டதன்று. ஒரு மணி நேரத்தில் சுமார் 10 முதல் 12 முறைதான் முயல் கண் சிமிட்டும். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய பிராணி அது. கண்ணைத் திறந்தபடியே இளைப்பாறவும் அதற்குத் தெரியும். அந்தக் கண்ணில் ஒரு தூசு விழுந்தாலோ ஒரு புல்லின் நுனி குத்தினாலோ, காக்க வேண்டிய இமை மெதுவாகத்தான் வரும்.

அப்படியென்றால், வீட்டில் வளரும் முயலின் கண்ணுக்கு இமையாக இருக்க வேண்டியவர் யார்? வளர்ப்பவர்தான். எங்கள் வீட்டில் வளரும் ஒரு முயலின் வழியாக நாங்கள் கற்றுக்கொண்டவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். முயல் வளர்ப்பவர்களுக்கு இது பயன்படலாம். வளர்க்காதவர்களுக்கும் இதில் சிந்திக்கச் சில செய்திகள் உண்டு.

பஞ்சு வந்த கதை

2023-ஆம் ஆண்டு சனவரி 22-ஆம் நாள் சீனர்களின் முயல் ஆண்டு பிறந்தது. அந்தச் சமயத்தில் பேரங்காடிகளில் எங்குப் பார்த்தாலும் முயல் படங்களும் முயல் பொம்மைகளும்தாம். பொம்மைகளோடு நில்லாமல் உயிருள்ள முயல்களையும் பலர் வாங்கினார்கள். கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் ஒரு முயல் வந்தது. தங்கை தன் சேமிப்பிலிருந்து 45 ரிங்கிட் கொடுத்து அதை வாங்கி வந்தாள். தூய வெள்ளை நிறம், கைப்பிடி அளவு உடல், உருண்டை முகம். பாட்டிதான் அதற்குப் 'பஞ்சு' என்று பெயர் வைத்தார்.

பஞ்சு, நெதர்லாந்துக் குள்ள முயல் என்னும் இனத்தைச் சேர்ந்தது. இந்த இனத்தை மக்கள் விரும்பி வாங்குவதற்குக் காரணமே அதன் முகம்தான். குட்டையான மூக்கு, அகன்ற கன்னம், பெரிய கண்கள் என்று எப்போதும் குழந்தை முகமாகவே இருக்கும். ஆனால், அந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. மூக்கு குட்டையானால் தாடை எலும்பும் குட்டையாகும். தாடை குட்டையானால் பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் போகலாம். பற்களுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள இடமும் சுருங்கிவிடும். காட்டு முயலின் நீண்ட முகத்தில் தாராளமாகச் செல்லும் கண்ணீர்க் குழாய், இந்த உருண்டை முகத்தில் நெருக்கடியில் வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. வாங்கும்போது இதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

முன்னங்கால் சொன்ன செய்தி

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நான் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வார இறுதிக்குக் கொமுட்டர் இரயிலில் வீடு வந்திருந்தேன். தங்கை பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இதோட கால பாரேன்" என்றாள். இடது முன்னங்காலின் உட்புறத்தில் முடியெல்லாம் ஒட்டிப்போய், காய்ந்த பசை தடவியதுபோல இருந்தது. காலில் காயம் எதுவும் இல்லை. பிறகுதான் முகத்தைக் கவனித்தோம். இடது கண்ணின் கீழ் ஓரம் ஈரமாக இருந்தது. முயல் தன் முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும். கண்ணில் வழிந்ததை அது துடைத்துத் துடைத்துச் சுத்தமாக்கிக்கொண்டிருந்ததால், நோய் முகத்தில் தெரியாமல் காலில் தெரிந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முயல் தன் வலியை வெளியே காட்டாது. நாய் வலித்தால் முனகும், பூனை கத்தும். முயலோ கூட்டத்தில் தான் பலவீனமானது என்று தெரிந்தால் வேட்டையாடும் விலங்கு தன்னைத்தான் முதலில் பிடிக்கும் என்பதுபோல நடந்துகொள்ளும். வலிக்கும்போது மூலையில் ஒடுங்கி உட்காரும். பல்லை நறநறவென்று கடிக்கும். தீனியைப் பாதியில் விட்டுவிடும். அவ்வளவுதான். முயலின் கண்ணில் நீர் வழிகிறதென்றால் அது சோகத்தால் அழுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. போக வேண்டிய வழியில் நீர் போகவில்லை, அல்லது கண்ணை ஏதோ உறுத்துகிறது என்றே அதற்குப் பொருள்.

ஆளுக்கொரு வைத்தியம்

செய்தி பரவியதும் அக்கம் பக்கத்தார் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார். இன்னொருவர் தேநீர்த் தூளை ஊறவைத்த நீரால் கழுவச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா, தம் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கி மீந்திருந்த அமோக்ஸிசிலின் மருந்தையே கொண்டுவந்துவிட்டார். 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்பார்களே, அதுபோல ஒவ்வொருவரும் தம் வைத்தியமே சரி என்று நின்றார்கள். எல்லாரும் நல்ல மனத்தோடு சொன்னவைதாம். ஆனால், அவற்றுள் ஒன்று முயலைக் கொன்றே இருக்கும்.

அது அந்த அமோக்ஸிசிலின். முயலின் குடலில் நார்ச்சத்தைச் செரிக்க உதவும் நுண்ணுயிரிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. பெனிசிலின், அமோக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை வாய் வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, நச்சை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பெருகிவிடும். வயிற்றுப்போக்கு ஏற்பட்டு முயல் சில நாள்களில் இறந்துபோகும். குழந்தைக்கு நல்லதாக இருக்கும் மருந்து முயலுக்கு எமனாகிறது.

அப்பா எடுத்து வந்தது வேறொன்று. அவ்வாண்டுதான் பாட்டிக்கு அரசாங்க மருத்துவமனையில் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அதற்காகக் கொடுத்த சொட்டு மருந்துப் புட்டி ஒன்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்தது. "இதுவும் கண்ணுக்குத்தானே, ரெண்டு சொட்டு விட்டுப் பாக்கலாம்" என்றார் அப்பா.

பாட்டி விடவில்லை. "அத தொடாதடா. தெறந்து நாலு வாரம் ஆனா தூக்கிப் போட்டுடணும்னு மிஸ்ஸி சொல்லி அனுப்பிச்சாங்க. அதுல ஸ்டீராய்டு மருந்து வேற இருக்காம். எனக்குக் குடுத்தத அதுக்கு ஊத்தாத" என்றார். மருத்துவமனைத் தாதி சொன்னதை ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்திருந்தார். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, புண் இல்லாத கண்ணில் வீக்கத்தைக் குறைக்கும். ஆனால், கருவிழிமேல் உள்ள கண்ணாடி போன்ற படலத்தில் புண் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆறாது, ஆழமாகும், கண் உடைந்துபோகும் அளவுக்கும் போகலாம். பஞ்சுவின் கண்ணில் புண் இருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது. பாட்டி அன்று தடுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

கண்ணுக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு?

வீட்டுக்கு அருகிலிருந்த கால்நடை மருத்துவர் நாய், பூனைகளையே அதிகம் பார்ப்பவர். அவர் கொடுத்த சொட்டு மருந்தில் ஒரு வாரம் நீர் நின்றது; மறுவாரம் மீண்டும் வழிந்தது. இம்முறை நீர் பால்போல வெண்மையாக இருந்தது. ஆகவே, முயல்களுக்கு வைத்தியம் பார்க்கும் வேறொரு மருத்துவரைத் தேடிப் போனோம்.

அந்த டாக்டர் முதலில் கண்ணையே பார்க்கவில்லை. பஞ்சுவை எடை போட்டார். தாடையின் அடியை விரல்களால் தடவிப் பார்த்தார். பிறகு, காதைப் பார்க்கும் விளக்குக் கருவியை வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பற்களைப் பார்த்தார். "கண்ணுக்கு வந்தோம், டாக்டர்" என்று தங்கை மெதுவாக நினைவூட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே, முயலின் கண்ணுக்கு வழி பல்லிலிருந்துதான் தொடங்குகிறது என்று மலாய் மொழியில் விளக்கினார்.

அந்த விளக்கம் இதுதான். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்திற்குச் சுமார் 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேலும் வளரும். முரட்டுப் புல்லை நாள் முழுவதும் அரைத்துத் தின்றால்தான் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து அளவோடு நிற்கும். தேயாவிட்டால் பல் வாய்க்குள் வளர்வதோடு, அதன் வேரும் எதிர்த் திசையில் எலும்புக்குள் தள்ளப்படும். மேல் தாடைப் பற்களின் வேருக்கு மிக அருகில்தான் கண்ணீர்க் குழாய் செல்கிறது. மனிதக் கண்ணில் கண்ணீர் வடிவதற்கு மேல் இமையில் ஒன்றும் கீழ் இமையில் ஒன்றுமாக இரண்டு சிறு துளைகள் உண்டு. முயலுக்குக் கீழ் இமையில் ஒரே ஒரு துளைதான். அங்கிருந்து மூக்குவரை செல்லும் குழாயைப் பல் வேர் அழுத்தினால், கால்வாய் அடைத்துக்கொண்டதுபோல நீர் பின்னோக்கி வழியும். தேங்கிய நீரில் பாஸ்டுரெல்லா, ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற நுண்ணுயிரிகள் பெருகிச் சீழ் உண்டாகும்.

பிறகு அவர் கண்ணுக்கு வந்தார். மூக்கின் பக்கமாகக் கீழ் இமைக்கு அடியில் விரலால் மெல்ல அழுத்தியபோது வெள்ளைச் சீழ் வந்தது. ஆரஞ்சு நிறச் சாயம் ஒன்றைக் கண்ணில் ஒரு சொட்டு இட்டார். ஃபுளோரெசின் என்பது அதன் பெயர். அறை விளக்கை அணைத்துவிட்டு நீல விளக்கால் பார்த்தபோது, கண்ணின் நடுவே ஓர் அரிசியளவு இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. அதுதான் புண். நலமான படலத்தில் அச்சாயம் ஒட்டாது. புண்பட்ட இடத்தில் மட்டுமே ஒட்டும். குழாய் திறந்திருந்தால் சற்று நேரத்தில் அதே சாயம் மூக்கில் எட்டிப் பார்க்க வேண்டும். பஞ்சுவின் மூக்கில் எதுவும் வரவில்லை. ஒரே சொட்டுச் சாயம் இரண்டு நோய்களைச் சொல்லிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தபோது இடது மேல் கடைவாய்ப் பல் ஒன்றின் வேர் நீண்டிருப்பதும் தெரிந்தது.

கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை விட்டபின், அந்த ஒற்றைத் துளைக்குள் மெல்லிய குழலை நுழைத்து உப்பு நீரைச் செலுத்தினார். முதலில் எதிர்ப்பு, பிறகு மூக்குத் துவாரத்திலிருந்து தயிர்போலக் கட்டி கட்டியாகச் சீழ் வெளியேறியது. பஞ்சு தும்மியது. தங்கை என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

பாட்டியின் நாட்காட்டி

மருந்துகள் மூன்று: கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒன்று, களிம்பு ஒன்று, வலி குறைய வாய்வழி மருந்து ஒன்று. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள், தங்கைக்குப் பள்ளி, நான் விடுதியில். ஆகவே, பஞ்சுவின் தாதியாகப் பாட்டி பொறுப்பேற்றார்.

தம் கண்ணுக்கு மருந்து விட்ட பழக்கம் பாட்டிக்கு இப்போது கைகொடுத்தது. மளிகைக் கடையில் கொடுத்த தினசரி நாட்காட்டியில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டார். சொட்டு மருந்து முதலில், ஐந்து நிமிடம் கழித்துக் களிம்பு. களிம்பை முதலில் இட்டால் சொட்டு மருந்து உள்ளே போகாது. பஞ்சுவை ஒரு பழைய துண்டில் தலை மட்டும் தெரியும்படி சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். பின்னங்கால்களைத் தாங்கிப் பிடிப்பது மிக முக்கியம். முயலின் பின்னங்கால்கள் வலிமையானவை, முதுகெலும்போ மென்மையானது. மிரண்டு உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. முன்புறமாகக் கையைக் கொண்டுபோகாமல் பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய், கீழ் இமையைச் சற்றே இழுத்து மருந்தை விடுவார்.

பக்கத்து வீட்டுப் பையன் இணையத்தில் கண்ட காணொளி ஒன்றைக் காட்டி, முயலை மல்லாக்கப் படுக்க வைத்தால் அது தூங்கிவிடும், மருந்து விடுவது சுலபம் என்றான். டாக்டரிடம் கேட்டோம். அது தூக்கமன்று, பிடிபட்ட முயல் செத்ததுபோல் அசையாமல் கிடக்கும் அச்ச நிலை என்றார். அசையாமல் இருப்பதால் வலியோ பயமோ இல்லை என்று ஆகிவிடாது.

அந்த வாரங்களில் எனக்கு மறக்க முடியாத ஒன்று நிகழ்ந்தது. நான் வேதியியல் பயிலும் மாணவி. ஆய்வுக்கூடத்தில் ஒரு கரைப்பானைப் பயன்படுத்துவதற்கு முன் அதன் பாதுகாப்புக் குறிப்பேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். கண் எரிச்சல் என்ற பகுதியில் 'சோதிக்கப்பட்ட உயிரினம்: முயல்' என்று ஒரு வரி இருந்தது. இதற்கு முன்னும் அந்த வரியைப் பலமுறை படித்திருக்கிறேன். அன்றுதான் அது கண்ணில் பட்டது.

தேடிப் படித்தேன். 1944-ஆம் ஆண்டு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரேய்ஸ் என்ற அறிவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சோதனை முறை அது. ஒரு பொருளை முயலின் கண்ணில் இட்டு, படலம் கலங்குகிறதா, சிவக்கிறதா, புண்ணாகிறதா என்று நாள் கணக்கில் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். முயலுக்குக் கண் பெரியது, கண்ணீர் குறைவு, அரிதாகவே சிமிட்டும், இட்ட பொருள் எளிதில் கழுவப்பட்டு வெளியேறாது. எந்தக் குணங்களால் பஞ்சுவின் கண் எளிதில் புண்பட்டதோ, அதே குணங்கள்தாம் அந்த இனத்தையே சோதனைக்கூடத்துக்கு ஏற்றதாக்கியிருக்கின்றன. 1980-களில் எழுந்த எதிர்ப்புகளுக்குப் பிறகு மாற்று முறைகள் வளர்ந்தன. விலங்குகளில் சோதித்த ஒப்பனைப் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் முற்றாகத் தடை செய்தது. ஆனாலும், நாம் ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்பாக வேலை செய்ய உதவும் பல குறிப்புகளுக்குப் பின்னால் கலங்கிய முயல் கண்கள் இருக்கின்றன என்பதை மறுக்க இயலாது. அறிவியல் மாணவர்களாகிய நாம் அதை அறிந்தாவது வைத்திருக்க வேண்டும்.

45 வெள்ளியும் 900 வெள்ளியும்

மூன்று வாரத்தில் புண் ஆறத் தொடங்கியது. ஆனால், அக்டோபரில் இடது கண் வலது கண்ணைவிடப் பெரியதாகத் தெரிந்தது. இரண்டு நாள்களில் கண் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. மூக்கோரத்து மூன்றாம் இமை வெளியே தெரிந்தது. பஞ்சு புல்லை முகர்ந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மீண்டும் ஓர் எக்ஸ்ரே. பல் வேரிலிருந்து கிளம்பிய சீழ்க்கட்டி கண்ணுக்குப் பின்னால் சேர்ந்திருந்தது.

முயலின் சீழ் மனிதச் சீழைப்போல நீராக இருக்காது. பற்பசைபோலக் கெட்டியாக இருக்கும். கீறிவிட்டால் தானே வடிந்துவிடாது. தடித்த உறைக்குள் இருப்பதால் மருந்தும் எளிதில் ஊடுருவாது. டாக்டர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, கண்ணையும் அந்தப் பல்லையும் எடுத்துவிட்டுக் குழியைச் சுத்தம் செய்வது. மற்றொன்று, மேலும் வலியில்லாமல் ஊசி போட்டு முடித்துவிடுவது. முதல் வழியின் ஆபத்துகளையும் அவர் மறைக்கவில்லை. முயலின் கண்ணுக்குப் பின்னால் பெரிய இரத்தப் பை ஒன்று உண்டு. அறுவையின்போது அதிக இரத்தம் போகலாம். மயக்க மருந்தை முயல்கள் நாய், பூனைகளைவிடக் குறைவாகவே தாங்கும். எல்லாம் நன்றாக நடந்தாலும் கட்டி திரும்ப வரலாம். செலவு சுமார் 900 ரிங்கிட்.

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "நாப்பத்தஞ்சு வெள்ளிக்கு வாங்குனத காப்பாத்த தொள்ளாயிரம் வெள்ளியா?" என்றார் அப்பா. அவர் கல்நெஞ்சர் அல்லர். துறைமுகத்தில் மிகுதிநேர வேலை செய்து எங்கள் இருவரையும் படிக்க வைப்பவர். 900 ரிங்கிட் எத்தனை இரவு வேலை என்பது அவருக்குத்தான் தெரியும். தங்கை தன் சேமிப்பு 210 ரிங்கிட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அம்மா எதுவும் பேசவில்லை.

பாட்டிதான் பேசினார். "எனக்கு என்னா வெல போட்டுடா கண்ண ஆப்பரேஷன் பண்ணாங்க? வயசு எழுபத்தாறு, இனிமே இதுக்கு எதுக்கு கண்ணுன்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். பிறகு தம் அறைக்குச் சென்று, மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்த பணத்தில் 300 ரிங்கிட் எண்ணிக் கொடுத்தார். அப்பா அந்தப் பணத்தைப் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "காலையில நானே கொண்டுபோறேன்" என்றார்.

இதைப் படிப்பவர்கள், பணம் செலவழித்தால்தான் அன்பு என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அந்தப் பணம் எல்லாக் குடும்பங்களிடமும் இருக்காது. வேறு வழியில்லாதபோது வலியில்லாத முடிவைத் தேர்ந்தெடுப்பதும் இரக்கம்தான். எதையும் முடிவு செய்யாமல் கூண்டின் மூலையில் வலியோடு விட்டுவிடுவதுதான் கொடுமை. 2017-இல் நடப்புக்கு வந்த நம் நாட்டு விலங்கு நலச் சட்டமும், ஒரு விலங்கை வைத்திருப்பவர் அதனை வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து காக்கக் கடமைப்பட்டவர் என்றே சொல்கிறது.

அறுவைக்கு முன் வெறும் வயிற்றில் வைத்திருக்க வேண்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றார்கள். முயலால் வாந்தி எடுக்க இயலாது; அதன் குடலும் நின்றுவிடக் கூடாது. ஆகவே, கடைசிவரை புல் தின்றது. அறுவை முடியும்வரை அப்பா கிளினிக் வாசலிலேயே அமர்ந்திருந்தார். நண்பகல் கடந்து எனக்கு வந்த குறுஞ்செய்தியில் இரண்டே சொற்கள்: 'பொழச்சிருச்சி. சொல்லிடு.'

ஒற்றைக் கண்ணோடு

காயத்தை முழுதாகத் தைத்துவிடாமல், கழுவி வருவதற்குச் சிறு வழி விட்டிருந்தார்கள். அதை ஒவ்வொரு நாளும் உப்பு நீரால் கழுவ வேண்டும். முதல் இரண்டு நாள்கள் பஞ்சு தானாகத் தின்னவில்லை. புல் மாவைக் கூழாகக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சில மணி நேரத்திற்கு ஒரு முறை கடைவாய் ஓரத்தில் ஊட்டினோம். மூன்றாம் நாள் காலை, பாட்டி சாம்பாருக்கு ஆய்ந்துகொண்டிருந்த கொத்தமல்லித் தழையை எட்டி இழுத்தது. அன்று சாம்பாருக்குக் கொத்தமல்லி இல்லை.

பென்சிலின் மருந்தை ஊசியாகப் போட்டபோது பாட்டி திகைத்தார். "வாயில குடுத்தா செத்துடும்னீங்களே?" என்று கேட்டார். தோலுக்கடியில் ஊசியாகப் போடும்போது குடல் நுண்ணுயிரிகள் பெரிதும் தப்பிவிடுகின்றன. வாய் வழியாகத்தான் கூடாது என்று விளக்கினார்கள். ஒரே மருந்து, வழி மாறினால் விளைவு மாறுகிறது. மருத்துவர் அல்லாதவர் மருந்தைக் கையில் எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

முயலின் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் அதற்கு ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுவதும் தெரியும். ஒரு கண் போனால் பாதி உலகம் போகிறது. முதல் வாரங்களில் இடப்பக்கமாக யாராவது வந்தால் பஞ்சு துள்ளி விழுந்தது. ஆகவே, கூண்டைத் திருப்பி, அது வழக்கமாகப் படுக்கும் மூலையில் இடப்பக்கம் சுவரைப் பார்க்குமாறு வைத்தோம். இப்போது வீட்டில் எல்லாரும் வலப்பக்கமாகவே வருவோம். வருமுன் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். தீனித் தட்டையும் தண்ணீரையும் இடம் மாற்றுவதில்லை. ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. கட்டி திரும்பவில்லை. பல் மட்டும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். அதற்கான செலவை அப்பா மாதச் செலவுக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்.

முயல் வளர்ப்போர் கவனத்திற்கு

நாங்கள் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, தீனி. முயலின் உணவில் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். எந்நேரமும் கிடைக்க வேண்டும். கடையில் விற்கும் தீனி உருண்டைகளும் கேரட்டும் பல்லைத் தேய்க்கா. புல்லைக் கொடுக்குமுன் உதறித் தூசு நீக்குங்கள். கண் உயரத்தில் கூரிய தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைக்காதீர்கள்.

இரண்டாவது, கூண்டு. சிறுநீர் தேங்கினால் அமோனியா வாயு கண்ணையும் மூக்கையும் எரிக்கும். நம் நாட்டு வெப்பத்தில் அது விரைவாகச் சேரும். கழிவுத் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். நுண்ணிய மரத்தூளைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, நாள்தோறும் பார்வையிடுதல். இரண்டு கண்களும் ஒரே அளவில் உள்ளனவா? கண்ணோரம் ஈரமா? முன்னங்கால் உட்புறம் ஒட்டியிருக்கிறதா? தாடைக்கடியில் கட்டி உண்டா? இதற்கு ஒரு நிமிடம் போதும்.

நான்காவது, அவசரம். கண்ணைத் திறக்க முடியாமல் மூடியிருந்தாலோ, வெண்மையாகக் கலங்கினாலோ, வெளியே தள்ளினாலோ, கண்ணுக்குள் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பன்னிரண்டு மணி நேரம் முயல் எதுவும் தின்னாமல் இருந்தால் அதுவும் அவசர நிலைதான். அதுவரை செய்யக்கூடியது, தூய உப்பு நீரில் நனைத்த துணியால் வெளிப்புறத்தை மெல்லத் துடைப்பது மட்டுமே.

ஐந்தாவது, மருத்துவர். முயல் பார்ப்பவரா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலான நோய்களுக்குச் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் உள்ளது.

திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்தின் பெயர் 'கண்ணோட்டம்'. பழகியவர்மீது காட்டும் இரக்கத்தை நம் முன்னோர் கண்ணின் செயலாகவே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். இரக்கம் முதலில் பார்ப்பதில்தான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வாய் திறந்து சொல்லத் தெரியாத ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுத்தால் மட்டும் போதாது. நாள்தோறும் நின்று பார்க்கவும் வேண்டும். அடுத்த முயல் ஆண்டு 2035-இல் வரும். அன்று யாரேனும் உருண்டை முகத்தைக் கண்டு ஆசைப்பட்டு ஒரு முயலை வாங்கப் போனால், வாங்குமுன் இக்கட்டுரையை அவர்களிடம் கொடுங்கள். வாங்கிய பின் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.